எத்தனை குடும்பம்? சுனாமிப் பட்டியல்களும் தேடுதரவுத்தளத்தின் ஒரு வேலையும்

2005ஆம் ஆண்டின் முதல் மாதங்களில், பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரைக்கும் அம்பாறைக் கரையோர ஊர்கள் எல்லாவற்றிலும் ஒரு கேள்வி சுத்திக்கொண்டே இருந்தது: "எத்தனை குடும்பம்?" ஜீ.எஸ். கேட்டார், பள்ளிவாசல் நிர்வாகம் கேட்டது, வெளிநாட்டு நிறுவனங்கள் கேட்டன, கச்சேரி கேட்டது. ஒவ்வொருவருக்கும் கிடைத்த பதில் வேற வேற.

பொய் சொன்னதால் மட்டும் இப்படி ஆகவில்லை. அரசாங்கம் அறிவித்த உதவிகளைப் பாருங்க. வாராந்த நிவாரணம் ஆளுக்கு 375 ரூபா: காசும் பொருளுமாக. மாதாந்தக் கொடுப்பனவு குடும்பத்துக்கு 5,000 ரூபா. முழுதாக உடைந்த வீட்டுக்கு 250,000, பகுதியாக உடைந்ததுக்கு 100,000. மௌத்தான ஒருவருக்கு அடக்கச் செலவு 15,000. ஆள் ஒரு அலகு, குடும்பம் ஒரு அலகு, வீடு ஒரு அலகு. மூண்டும் ஒரே வளவுக்குள்ளதான் கிடக்கு. உம்மா வாப்பா, கலியாணம் முடிச்ச மகள், மருமகன், அவங்கட பிள்ளைகள், இன்னும் முடிக்காத இளைய மகள்: வீடு ஒண்டு, குடும்பம் ரெண்டு, தலை ஒன்பது. அதே வளவுக்கு மூன்று போமில் மூன்று எண் வரும். மூன்றும் சரி. ஆனால் மூன்றையும் ஒரே பட்டியலாக்கப் போனால் எல்லாம் பிழைச்சுப் போகும்.

இன்றைக்கு கணினித் துறையில் இருக்கிற நம்மட ஆக்கள் பலருக்கு இந்தச் சிக்கல் வேறொரு பெயரில் தெரியும். எலாஸ்டிக்சேர்ச் என்ற தேடுதரவுத்தளத்தில் "டிரான்ஸ்ஃபோர்ம்" என்று ஒரு வேலை உண்டு. அது பிழைக்கும்போது எங்கே பார்ப்பது என்று தேடுகிறவர்கள் கட்டமைப்பு ஆவணங்களை வாசிக்கிறார்கள். 2005இல் நம்மட கரையில் பட்டியல்கள் எப்படிப் பிழைத்தன என்பதையும் சேர்த்து வாசித்தால் அந்த வேலை இன்னும் தெளிவாக விளங்கும். இந்தக் கட்டுரை ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது.

கடைக் கொப்பி

டிரான்ஸ்ஃபோர்ம் என்றால் என்ன? சந்திக் கடையில் கடன் கொப்பி ஒன்று இருக்கும். யார் எப்ப என்ன வாங்கினாலும் முதலாளி ஒரு வரி எழுதுவார். திங்கள் சீனி, செவ்வாய் பாண், புதன் மண்ணெண்ணெய். மாசம் முடிய இன்னொரு கொப்பியில் ஆளுக்கு ஒரு வரியாக எழுதுவார்: இன்னார் மொத்தம் இவ்வளவு, கடைசியாக வந்தது இந்தத் திகதி. முதல் கொப்பி சம்பவக் கொப்பி. இரண்டாவது ஆள்வாரிக் கொப்பி. முதலாவதை இரண்டாவதாக மாற்றுகிற வேலைதான் டிரான்ஸ்ஃபோர்ம்.

இந்த வேலைக்கு ஒரு சாவி வேணும்: எதை வைத்து வரிகளைச் சேர்ப்பது? கடையில் அது ஆளின் பேர். தரவுத்தளத்தில் அது ஒரு ஃபீல்ட். சாவி பிழைத்தால் கூட்டல் எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை.

எலாஸ்டிக்சேர்ச்சின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். டக் கட்டிங் 1999இல் லூசின் என்ற தேடல் நூலகத்தை வெளியிட்டார். அதன் மேல் ஷே பேனன் 2004இல் காம்பஸ் என்ற மென்பொருளைக் கட்டினார். சமையல் படித்துக்கொண்டிருந்த மனைவிக்குச் சமையல் குறிப்புகளைத் தேடிக் கொடுக்கத்தான் அவர் இந்தத் துறைக்குள் வந்தார். 2010இல் எலாஸ்டிக்சேர்ச் வந்தது. 2019இல், 7.2 பதிப்போடு, சம்பவக் கொப்பியை ஆள்வாரிக் கொப்பியாக மாற்றும் வசதி உள்ளேயே சேர்ந்தது. சுனாமி அடிச்ச காலத்தில் இதெல்லாம் இல்லை. ஆனால் சிக்கல் முழுசா இருந்திச்சு.

சஹன

2004 டிசம்பர் 26 ஞாயிறு. அன்று காலை அம்பாறை மாவட்டம் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது. பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று நெருக்கமாகக் கட்டின கரையோர ஊர்கள்தான் கூடுதலாக அடிபட்டன.

அந்தக் கிழமைக்குள்ளேயே கொழும்பில் மென்பொருள் துறை ஆக்கள் தொண்டர்களாகச் சேர்ந்து ஒரு அமைப்பைக் கட்டத் தொடங்கினார்கள். அதற்குப் பேர் சஹன. சிங்களத்தில் நிவாரணம் என்று அர்த்தம். லங்கா மென்பொருள் மன்றம் அதைத் தாங்கிப் பிடித்தது. காணாமல் போனோர் பதிவு, முகாம்கள் பதிவு, எந்த நிறுவனம் எங்கே என்ன செய்கிறது என்ற பதிவு, தேவைகளும் உதவிகளும் என்று பகுதி பகுதியாக இருந்தது. திறந்த மூல மென்பொருளாக விட்டதால் அது இங்கேயே நிற்கவில்லை. 2005 பாகிஸ்தான் பூமியதிர்ச்சி, 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவு, அதே வருஷம் யோக்யகர்த்தா பூமியதிர்ச்சி, 2010 ஹெய்ட்டி என்று போனது. கட்டற்ற மென்பொருள் மன்றம் சமூகப் பயனுள்ள திட்டத்துக்கு வழங்குகிற விருது 2006ஆம் ஆண்டுக்கு சஹனவுக்குக் கிடைத்தது. அழிவில் இருந்து இந்த நாட்டில் பிறந்த ஒரு மென்பொருள் உலகத்துக்குப் பயன்பட்டது என்பதை நம்மட பாடப் புத்தகங்கள் எங்கேயும் பெரிசாச் சொல்வதில்லை.

ஆனால் மென்பொருள் ஒரு பாதிதான். அதுக்குள்ள போகிற பட்டியல் ஊரில் இருந்து வரணும். அந்தப் பட்டியலின் சாவி பேர். நம்மட கரையில் பேர் என்றாலே பெரிய கதை.

பேர் என்ற சாவி

ஒரு எளிய பேரை எடுப்போம்: அப்துல் காதர். தமிழிலேயே அப்துல் காதர், அப்துல் காதிர், அப்துல்காதர், அப்துல் காதிறு என்று எழுதுவார்கள். ஆங்கிலத்தில் சீயில் தொடங்கும் காதர், கே-யில் தொடங்கும் காதர், கியூவில் தொடங்கும் காதிர் என மூன்று வகை. அடையாள அட்டையில் ஒண்டு, பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் இன்னொண்டு, வங்கிப் புத்தகத்தில் மூண்டாவது. அதுக்கு மேல இனிஷியல். யூ.எல்.எம்., ஏ.எல்., எம்.ஐ.எம். என்று கிழக்கு முஸ்லிம் பேர்களுக்கு முன்னால் வாற எழுத்துகளில் "எல்" பெரும்பாலும் லெப்பை. ஒருத்தர் இனிஷியலாக எழுதுவார், இன்னொருத்தர் உமர்லெப்பை என்று விரித்து எழுதுவார். பெண்களின் பேரில் "உம்மா", "பீவி" சில இடத்தில் சேரும், சில இடத்தில் விழும். கணினிக்கு இவ்வளவும் வேற வேற ஆள்.

இதற்கு மேற்கில் நூறு வருஷத்துக்கு முன்னரே ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். ரொபர்ட் ரஸலும் மார்கரெட் ஓடெலும் 1918இலும் 1922இலும் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறை. பேரின் முதல் எழுத்தை அப்படியே வைத்து, மீதி மெய்யெழுத்துகளை ஒலியின்படி எண்ணாக்கி, உயிரெழுத்துகளைத் தள்ளிவிடும். அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டு அட்டைகளை இதை வைத்துத்தான் அடுக்கினார்கள்.

நம்மட பேர்களில் அதைப் போட்டுப் பாருங்க. லெப்பையை ஆங்கிலத்தில் லெப்பே, லப்பை, லெவ்வை என்று எப்படி எழுதினாலும் எல்-100 தான். நல்லது. முகம்மது, மொஹமட், முஹம்மத் எல்லாம் எம்-530. அதுவும் நல்லது. ஆனால் மஹ்மூதும் எம்-530. வேற ஆள், வேற பேர், ஒரே பெட்டிக்குள்ள! முகைதீன், மைதீன், முஹியித்தீன் எம்-350 இல் சேர்ந்திடும். காரைதீவில் இருக்கிற மதன் என்ற தமிழ்ப் பிள்ளையும் அதே எம்-350 இல் வந்து நிற்கும். மறுபக்கம், காதர் மூன்றும் முதல் எழுத்து மாறுவதால் சீ-360, கே-360, கியூ-360 என்று மூன்று பெட்டிக்குப் போகும். உஸ்மான் யூ-255, ஓ-வில் தொடங்கி எழுதினால் ஓ-255, உதுமான் என்று எழுதினால் யூ-355. ஒரே பேர், மூன்று சாவி.

ஆக இரண்டு வகைப் பிழை: வேற வேற ஆக்களை ஒன்றாக்குவது, ஒரே ஆளைப் பலராக்குவது. பேர்ப் பட்டியலில் எந்த விதியை வைத்தாலும் ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றது கூடும். காணாமல் போன பிள்ளையைத் தேடுகிற உம்மாவுக்கு முதல் வகைப் பிழை பரவாயில்லை, பத்துப் பேரைக் காட்டினாலும் அவ பார்த்துக்கொள்வா. காசு கொடுக்கிற அதிகாரிக்கு இரண்டாவது வகைப் பிழை தலையிடி. ஆகவே எதற்காகச் சேர்க்கிறோம் என்று தெரியாமல் சாவியைத் தீர்மானிக்க முடியாது.

தமிழில் தட்டெழுதினால் இன்னொரு அடுக்கு. அந்தக் காலத்தில் இலங்கையில் பெரும்பாலான அலுவலகங்கள் பாமினி எழுத்துருவில்தான் அடித்தன. திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும். எழுத்துருவை மாற்றினால் குப்பை போலத் தெரியும். யுனிகோடில் தேடினால் ஒன்றும் வராது. யுனிகோடுக்கு மாற்றின பிறகும் ஒரு பொறி இருக்கு: "மொ" என்பதில் இருக்கிற ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், எகரக் குறி, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்டு, கணினிக்கு வேற. மொஹமட் என்ற ஒரே பேர் உங்கட டிரான்ஸ்ஃபோர்மில் இரண்டு வரியாக வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. உள்ளே விடும்போதே யுனிகோட் நோர்மலைசேஷன் செய்தால் தீரும்.

சாவி இல்லாத ஆள்

டிரான்ஸ்ஃபோர்மில் ஆபத்தான ஒரு குணம் உண்டு. நீங்கள் அடையாள அட்டை இலக்கத்தைச் சாவியாக வைத்தால், அந்த ஃபீல்ட் வெறுமையாக இருக்கிற ஆவணங்களை அது சத்தமில்லாமல் விட்டுவிடும். பிழைச் செய்தி வராது. வேலை பச்சை நிறத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். "மிஸ்ஸிங் பக்கெட்" என்ற தெரிவை நீங்களாகத் திறந்தால்தான் இல்லாதவர்களுக்கு என்று ஒரு பெட்டி உருவாகும்.

சுனாமி அன்று அலை அலுமாரியோடு அட்டையையும் கொண்டுபோனது. பிள்ளைகளுக்கு அட்டையே கிடையாது. பட்டியல் எடுப்பதிலேயே இதைவிடப் பெரிய ஒரு குருட்டிடம் இருந்தது. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2005 தொடக்கத்தில் பாதிக்கப்பட்ட வீடுகளையும் ஆக்களையும் கணக்கெடுத்தது. வீடுவாரியாகக் கேட்டு எடுக்கிற எந்தக் கணக்கிலும், முழுக் குடும்பமும் மௌத்தான வீட்டுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. கூடுதலாக இழந்த வீடுதான் பட்டியலில் இருந்து முழுசா விழும். அந்த வீட்டை அயலவர்தான் நினைவில் இருந்து சொல்லணும். பள்ளிவாசல் ஜனாஸாக் கணக்கு, கிராமத்துப் பதிவு, அயல்வீட்டார் சொன்னது என்று வேற ஊற்றுகளோடு ஒப்பிட்டால்தான் அது தெரியவரும்.

பேரே தெரியாதவருக்கு ஒரு சாவி கொடுத்த சம்பவமும் கல்முனையில் நடந்தது, உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அலைக்குப் பின் எடுக்கப்பட்ட ஒரு கைக்குழந்தையை கல்முனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்றைய 81ஆவது அனுமதி. பேர் தெரியாததால் "81ஆம் இலக்கக் குழந்தை" என்றே அழைத்தார்கள். பேர் இல்லாத ஆளைத் தள்ளிவிடாமல் ஒரு இலக்கம் போட்டு வைத்த அந்த ஆஸ்பத்திரிப் பதிவு நல்ல பதிவு. அதன்பிறகு நடந்ததில்தான் எண் பிழைத்தது. ஒன்பது தம்பதிகள் உரிமை கோருகிறார்கள் என்று உலகச் செய்திகள் எழுதின. நீதிமன்றத்தில் முறைப்படி உரிமை கோரினது ஒரேயொரு தம்பதி. பிள்ளையை இழந்தவர்கள் "எங்கட பிள்ளையா இருக்குமோ" என்று வந்து பார்த்ததெல்லாம் வழக்காக எண்ணப்பட்டிருந்தது. 2005 பெப்ரவரியில் மரபணுச் சோதனை அந்தத் தம்பதிதான் பெற்றோர் என்று உறுதி செய்தது, பிள்ளை வீடு போனது.

விசாரிக்க வந்ததும் உரிமை கோரினதும் இரண்டு வகைச் சம்பவம். வகையைப் பிரிக்காமல் வரிகளை எண்ணினால் ஒன்பது வரும், வழக்குகளை எண்ணினால் ஒன்று வரும். எலாஸ்டிக்சேர்ச்சிலும் ஆவணங்களை எண்ணுவதும் தனித்தனி ஆக்களை எண்ணுவதும் வேறு வேலை. இரண்டாவது வேலையைச் செய்கிற "கார்டினாலிட்டி" என்ற கணக்கு பெரிய எண்களில் அண்ணளவானது என்பதையும் ஞாபகம் வைத்திருங்க. நிவாரணப் பட்டியலுக்கு அண்ணளவு போதாது.

யாரை வீட்டுக்காரர் என்று எழுதுவது?

இதுதான் கட்டுரையின் நடுப்பகுதி. நம்மட கரையில் இண்டைக்கும் ஆறாத இடமும் இதுதான்.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் வீடு பெண்பிள்ளை வழியாகப் போகும். மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு சீதனம். மாப்பிள்ளை மகளின் வீட்டுக்கு வருவார். குடி வழமையும் தாய்வழிதான். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 தொடக்கம் அக்கரைப்பற்றில் தங்கி இதையெல்லாம் விரிவாக எழுதினார். சுனாமிக்குப் பிறகும் திரும்பி வந்து, அழிந்தது வெறும் கட்டடம் அல்ல, மகள்மாருக்காகச் சேர்த்து வைத்த சீதனம் என்று எழுதினார்.

அரசாங்கப் போமில் என்ன கேட்டார்கள்? "குடும்பத் தலைவர்." அந்த இடத்தில் வழமையாக எழுதப்படுவது ஆணின் பேர். அந்தப் பேரைச் சாவியாக வைத்துத்தான் பட்டியல்கள் சேர்க்கப்பட்டன, புது வீடுகள் பகிரப்பட்டன. உம்மாவின் பேரில் இருந்த சீதன வீடு கடலோடு போனது. அதற்குப் பதிலாகக் கிடைத்த வீடு பல இடங்களில் கணவனின் பேரில் வந்தது. அரச காணியில் கட்டினால் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வேற இருந்தது. வாரிசுரிமையில் ஆண்பிள்ளைகளுக்கு முன்னிடம் கொடுத்த அந்தச் சட்டம் 2022இல்தான் திருத்தப்பட்டது. கிழக்கின் பெண்கள் அமைப்புகள் கூட்டு உரிமை கேட்டுப் போராடினதுக்குக் காரணம் இதுதான்.

யாரும் "பெண்களின் வீட்டைப் பறிப்போம்" என்று தீர்மானம் எடுக்கவில்லை. ஒரு போமின் ஒரு கட்டம், அதைச் சாவியாக வைத்த ஒரு பட்டியல். அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாக வந்த சொத்துரிமை அந்த இடத்தில் மாறிப்போனது. தரவு வேலை செய்கிறவர்கள் "சாவியை நான் தெரிவு செய்யல்ல, போமில இருந்ததை எடுத்தன்" என்று சொல்லலாம். ஆனால் எடுத்ததும் ஒரு தெரிவுதான். வீட்டைச் சாவியாக்கி, அதற்குள் உரிமையாளர் யார், வசிக்கிறவர் யார் என்று தனித்தனி ஃபீல்டாக வைத்திருந்தால் அதே தரவில் இருந்து வேறொரு பட்டியல் வந்திருக்கும்.

பிந்தி வந்த வரி

தொடர்ந்து ஓடுகிற டிரான்ஸ்ஃபோர்ம் ஒவ்வொரு முறையும் "செக்பொயின்ட்" என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளும். அடுத்த முறை அந்தக் கோட்டுக்குப் பிறகு வந்ததை மட்டும்தான் பார்க்கும். எது "பிறகு" என்பதை ஒரு நேர ஃபீல்டை வைத்துத் தீர்மானிக்கும். சம்பவம் நடந்த நேரத்தை அங்கே கொடுத்தால் சிக்கல். 26ஆம் திகதி நடந்ததை ஒருத்தர் ஜனவரி 20இல் வந்து பதிந்தால், நேரம் பழசு, கோடு முன்னுக்குப் போயாச்சு. அந்த வரியை அது பார்க்காது. ஆவணம் உள்ளே வந்து சேர்ந்த நேரத்தைத்தான் கொடுக்க வேண்டும். அதோடு "டிலே" என்று ஒரு பொறுப்பு நேரம் உண்டு, வழமையாக 60 செக்கன். தரவு வந்து சேர அதைவிடப் பிந்துமென்றால் அதைக் கூட்டணும்.

முகாமில் இருந்தவர்களின் பட்டியல் முதல் கிழமையிலேயே வந்துவிடும். சம்மாந்துறையில் சாச்சி வீட்டில் தங்கினவர்களின் பேர் பிந்தித்தான் வரும். பட்டியல் "மூடியாச்சு" என்று சொன்ன மேசைக்கு முன்னால் நின்றவர்கள் பொய்க்காரர் இல்லை, பிந்தி வந்த வரிகள்.

இன்னொரு குணம்: மூலத்தில் ஒரு வரியை அழித்தால் ஏற்கனவே உருவான ஆள்வாரிக் கொப்பியில் அது தானாக அழியாது. காணாமல் போனோர் பட்டியலில் இருந்தவர் உயிரோடு வந்துவிட்டால்? அழிக்கக்கூடாது, புது வரி சேர்க்கணும்: "இந்தத் திகதியில் கண்டுபிடிக்கப்பட்டார், சொன்னவர் இன்னார்." 2005இல் அமெரிக்காவில் கத்ரீனா புயலுக்குப் பின் காணாமல் போனோரைத் தேட உருவான பீஃபிஃப் என்ற பொது வடிவம் இப்படித்தான் இருந்தது. ஆள் ஒரு பதிவு, அவரைப் பற்றின செய்திகள் தனித்தனிக் குறிப்புகள், ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்ற அடையாளத்தோடு. 2010இல் ஹெய்ட்டிக்காக வந்த கூகிள் பேர்சன் ஃபைன்டரும் அதே வடிவத்தைத்தான் எடுத்தது.

நேரத்தைப் பற்றி ஒரு சின்னக் கதை. பூமியதிர்ந்தது உலகப் பொது நேரம் 00:58:53. இன்றைய இலங்கை நேரக் கணக்கில் ஐந்தரை மணித்தியாலம் கூட்டினால் காலை 6:28. ஆனால் 2004இல் இலங்கையின் நேரம் ஆறு மணித்தியாலம் முன்னால் இருந்தது. 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்கு மாறினோம். நம்மட வீட்டுச் சுவர்க் கடிகாரம் அன்று காட்டினது 6:58. நிலையான எண்ணைக் கூட்டுகிற டிரான்ஸ்ஃபோர்ம் அந்தக் காலத்து ஒவ்வொரு சம்பவத்தையும் அரை மணி பிழையாக எழுதும். "ஆசியா/கொழும்பு" என்று நேர வலயத்தின் பேரைக் கொடுத்தால் சரியாக எழுதும்.

விதி மாறினால்

சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் கட்டத் தடை வந்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர். நம்மட ஊர்களில் 200 மீட்டர் என்றால் கடலில் இருந்து வீதி வீதியாக உள்ளே வந்திடும். வீடுகள் "கோட்டுக்கு உள்ளே", "வெளியே" என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டன. வெளியே என்றால் அதே இடத்தில் கட்டக் காசு, உள்ளே என்றால் வேற இடத்தில் வீடு. பிறகு அந்த விதி தளர்ந்தது, தூரம் குறைந்தது. மருதமுனையில் ஒரு வீட்டுத்திட்டத்தின் பேரே "65 மீட்டர்".

இதில் தரவுக்காரருக்கு ஒரு பாடம் இருக்கு. கடலில் இருந்து வீடு எத்தனை மீட்டர் என்று மூலக் கொப்பியில் எழுதி வைத்தவர், விதி மாறினதும் பட்டியலை மறுபடி ஓட்டலாம். "உள்ளே/வெளியே" என்று மட்டும் எழுதினவர் திரும்பவும் ஊருக்குப் போய் அளக்கணும். ஆள்வாரிக் கொப்பியை எப்ப வேணுமெண்டாலும் திரும்ப உருவாக்கலாம், மூலக் கொப்பி இருந்தால். இடம் மிச்சம் பிடிக்க மூலத்தை அழிக்கச் சொல்கிற ஆலோசனையை இந்த வகை வேலையில் கேட்காதீங்க.

வேலை நின்றால் பார்க்கும் ஒழுங்கு

வேலையிடத்தில் இதைக் கையாளுகிற தம்பி, தங்கச்சிமாருக்காக ஒழுங்கை ஒரே இடத்தில் தருகிறேன்.

முதலில் எண்ணுங்க. மூலத்தில் எத்தனை ஆவணம், விளைவில் ஒவ்வொரு வரிக்குள்ளும் சேர்ந்த ஆவணங்களின் கூட்டுத்தொகை எத்தனை. குறைந்தால் சாவி இல்லாதவர்கள் விழுந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, ஓட்டுவதற்கு முதல் "பிரிவியூ" பாருங்க. பத்து வரியைக் கண்ணால் பார்த்தாலே பாதிப் பிழை தெரியும். அளவுக்கு மீறிப் பெருத்த பெட்டி வேற வேற ஆக்களை ஒன்றாக்கினதின் அடையாளம். ஒற்றை ஆவணப் பெட்டிகள் நிறைய இருந்தால் ஒரே ஆளைப் பிரித்ததின் அடையாளம்.

மூன்றாவது, ஃபீல்டின் வகை. முழு உரைத் தேடலுக்கான "டெக்ஸ்ட்" ஃபீல்டைச் சாவியாக வைக்க முடியாது, "கீவேர்ட்" வேணும். விளைவு இன்டெக்ஸின் மெப்பிங்கை அதுவாக ஊகிக்க விடாமல் நீங்களே முன்கூட்டி எழுதுங்க. எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து வந்து வேலை முறிவது அங்கேதான்.

நான்காவது, "ஸ்டாட்ஸ்" கேட்டு நிலையைப் பாருங்க. "ஃபெய்ல்ட்" என்றால் பக்கத்திலேயே காரணம் எழுதியிருக்கும். வாசிக்காமல் திரும்பத் திரும்பத் தொடங்காதீங்க. வலுக்கட்டாயமாக நிறுத்தி, காரணத்தைத் திருத்தி, பிறகு தொடங்குங்க. நினைவகம் போதாமல் விழுந்தால் ஒரு தடவைக்கு எடுக்கிற பக்க அளவைக் குறைக்கணும், வழமையாக அது 500.

ஐந்தாவது, அனுமதி. உருவாக்கினவருக்கு அன்று இருந்த உரிமைகளோடுதான் டிரான்ஸ்ஃபோர்ம் ஓடும். பிறகு உங்களுக்குப் புது உரிமை கிடைத்தாலும், வேலையைப் புதுப்பிக்கும் வரை அதுக்குத் தெரியாது.

இவ்வளவும் பார்த்த பிறகும் எண் பொருந்தாவிட்டால், கருவியை விட்டுவிட்டு ஆரம்பக் கேள்விக்கு வாங்க: இந்தப் பட்டியலில் ஒரு வரி என்றால் ஆளா, குடும்பமா, வீடா?

பட்டியல்கள் முடியவில்லை. 2023இல் அஸ்வெசும தொடங்கினபோது பேர் விடுபட்டவர்களின் மேன்முறையீடுகள் நாடு முழுக்கக் குவிந்தன. அப்போதும் கேட்டது அதே கேள்விதான்: ஒரே வளவில் இருக்கிற மகள் தனிக் குடும்பமா, உம்மாவின் குடும்பத்துக்குள்ளா? அந்தக் கேள்வியைப் போமில் எழுதப்போகிற, அதற்கு மென்பொருள் கட்டப்போகிற தலைமுறை நம்மடதான். எழுதுவதற்கு முதல் ஊரில் யாரிடமாவது கேளுங்க, வீடு யாருடையது என்று. இந்தக் கரையில் பெரும்பாலும் ஒரு பெண்ணின் பேரைத்தான் சொல்வார்கள்.